கதவைத் தட்டிய சிறுமிகளைத் திருப்பி அனுப்பாதவர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

செந்தூல், ஜூலை 22 – தமிழ்ப்பள்ளியில் படித்த பலருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் ஒரு பொது அறிவுக் கேள்வியாகத்தான் அறிமுகம். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கேட்பார்கள். பதிலைச் சொல்வோம், மறந்துவிடுவோம். 1968ஆம் ஆண்டு இதே ஜூலை 22ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி, சிறுமிகளுக்கு நடந்த பாலியல் கொடுமையை ஊரறியப் பேசுவதிலும், அதிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுப்பதிலும் கழிந்தது. நம் வீடுகளில் இன்று பேச வேண்டியது அந்தக் கதையைத்தான்.

அவர் பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டையில். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கோவிலுக்கு என்று சிறு வயதிலேயே பொட்டுக்கட்டிவிடப்பட்ட பெண்களின் வாழ்க்கை எப்படிப் போகும் என்பதை முத்துலட்சுமி ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உறவுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தார்.

ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி வந்தால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சிலர் அஞ்சினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்பதை முன்நிபந்தனையாக வைத்தார்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்தவர் என்பதால், வெளியே யாரும் பேசாத விஷயங்கள் அவர் கண்ணில் பட்டன. பத்து, பன்னிரண்டு வயதில் மணமாகிப் பிரசவத்துக்கு வந்த பிள்ளைகளின் உடலில் என்ன நேர்ந்திருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரியும். ஊர் அதற்குச் சடங்கு என்று பெயர் வைத்திருந்தது. மருத்துவர் கண்ணுக்கு அது காயம்.

1926 இறுதியில் சென்னை சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினரான அவர், பிறகு அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1927 நவம்பரில், சிறுமிகளைப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1928இல், பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணின் திருமண வயதை 21 ஆகவும் உயர்த்த வேண்டும் என்றார். மறு ஆண்டு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்ற அளவில் நின்றுகொண்டது.

எதிர்ப்பு பல பக்கமிருந்து வந்தது. மரபு அழியும் என்றவர்கள் ஒரு பக்கம். தேவதாசிப் பெண்களில் சிலரே மனுக் கொடுத்தது மறுபக்கம். கோவில் ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்ட நிலம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. இசையும் நடனமும் அவர்கள் கையில் இருந்த கலை. அதெல்லாம் போய்விட்டால் எப்படிப் பிழைப்பது என்ற பயம் நியாயமானது. 1929இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் இதற்கு ஒரு வழி செய்தது. ஊழியக் கட்டாயத்திலிருந்து அந்தப் பெண்களை விடுவித்து, நிலத்தை அவர்களிடமே விட்டது. பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் சட்டம் வர 1947 வரை, இன்னும் 18 ஆண்டுகள் ஆயின. அந்த மரபிலிருந்தே வெளியே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும் அதற்குப் பின்னால் இருக்கிறது.

1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டில்தான் அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமிகள் சிலர், அந்த வாழ்க்கை வேண்டாம் என்று அவரைத் தேடி வந்திருந்தனர். நகரில் இருந்த மாணவியர் விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. எந்தத் தவறும் செய்யாத பிள்ளைகள் மீது குலத்தின் பெயரால் கறை பூசப்பட்டது.

சட்டமன்றத்தில் வாதாடியவருக்கு அன்று ஒன்று தெளிவாகியிருக்க வேண்டும். வீட்டை விட்டு ஓடிவா என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், ஓடிவந்து படுக்க ஒரு பாய் வேண்டும், அடுத்த நாள் காலையில் உணவு வேண்டும், போய்ப் படிக்கப் பள்ளி வேண்டும். தன் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம். சாதி பார்க்காமல் ஆதரவற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பின்னர் அடையாற்றில் பள்ளியாகவும் விடுதியாகவும் வளர்ந்தது. வந்தவர்கள் படித்து ஆசிரியைகளாகவும் தாதியராகவும் சொந்தக் காலில் நின்றார்கள்.

தங்கை புற்றுநோயால் இறந்த துயரத்தை மறக்காமல், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். 1956இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வுக்காக, சைக்கிளில் போகும்போது துரையைக் கண்டால் இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு எதிராக என்று அதைச் சொல்வதுண்டு. அவர்கள் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. தோட்டத் துரைகளும் அவர்களுக்குக் கீழிருந்த உத்தியோகத்தர்களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்பதே அது. லயத்து வீடுகளில் கிசுகிசுப்பாக இருந்த வேதனையை எழுதிக் கையில் கொடுத்தார்கள் நம் பாட்டன்மார். தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் உயிரையும் இழந்தனர்.

அன்று குற்றவாளி மேலே இருந்த துரை. இன்று பெரும்பாலும் தெரிந்த முகம்தான்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். அதனால்தான் வாய் திறப்பது முன்பைவிடக் கடினமாகிறது. செந்தூல் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து இப்போது அடுக்குமாடி வீட்டில் இருக்கும் குடும்பமானாலும், தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பமானாலும், முதலில் வரும் சொல் குடும்ப மானம்தான். அந்தச் சொல்லை முன்வைத்து மூடப்படும் கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நிற்கிறது.

முத்துலட்சுமியின் காலத்தில் இல்லாத பல வசதிகள் இன்று நம் நாட்டில் உண்டு. அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இதற்கென ஒருங்கிணைந்த நெருக்கடி உதவி மையங்கள் இயங்குகின்றன. சிகிச்சை, மருத்துவப் பரிசோதனை, மனநல ஆலோசனை, போலீஸ் புகார் ஆகியவற்றுக்கு அங்கேயே வழி செய்கிறார்கள். குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் சீக்கிரம் போவது நல்லது. கர்ப்பத்தையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாள் கடந்திருந்தாலும் போகலாம், உதவி கிடைக்கும்.

2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இத்தகைய கொடுமை நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சாட்சி வேறு யாரும் இல்லாவிட்டாலும், பிள்ளை சொல்வதை வைத்தே நீதிமன்றம் தண்டனை வழங்க இச்சட்டம் இடம் தருகிறது. எவரும் பார்க்கவில்லையே, யார் நம்புவார்கள் என்று தயங்கத் தேவையில்லை. தாலியான் காசே 15999 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

ஆனால் எந்தச் சட்டமும் மையமும் பிள்ளை முதலில் நாடும் இடம் அல்ல. அது முதலில் அம்மாவிடமோ, அத்தையிடமோ, ஆசிரியரிடமோதான் பாதி வார்த்தையில் சொல்லிப் பார்க்கும். ஏன் அங்கே போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்டால் மீதி வார்த்தை வராது. நீ சொன்னது சரி, உன் மேல் தப்பில்லை, நான் கூட இருக்கிறேன் என்று சொன்னால் வரும். 1930இல் அந்தச் சிறுமிகள் வந்து நின்றபோது முத்துலட்சுமி குலத்தை விசாரிக்கவில்லை, உள்ளே அழைத்தார். நம் வீட்டிலும் அதற்குப் பெரிய படிப்போ பதவியோ தேவையில்லை.