எழுத்தரின் மேசையை அறிந்த விஞ்ஞானி: டாக்டர் ஆன் வாங்

தட்டச்சுப் பொறி உலகுக்குச் செய்த தொண்டு பெரிது. ஆயினும் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. பத்துப் பக்க அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி விடுபட்டுப் போனால், அந்தப் பக்கத்தோடு தொல்லை முடிவதில்லை. பின்வரும் பக்கங்கள் எல்லாவற்றையும் மீண்டும் அடிக்க நேரிடும். கார்பன் தாள் வைத்து எடுத்த படிகளும் வீணாகும். உலகெங்கும் அலுவலகங்களில் அமர்ந்திருந்த தட்டச்சர்களின் உழைப்பில் பெரும்பகுதி இப்படித்தான் கரைந்தது. அந்தச் சுமையைக் குறைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் டாக்டர் ஆன் வாங். அவருடைய வெற்றியும், அவர் கட்டிய நிறுவனத்தின் வீழ்ச்சியும் மாணவராகிய நாம் சேர்த்துப் படிக்க வேண்டிய பாடங்கள்.

இளமையும் போரும்

ஆன் வாங் 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் சீனாவின் ஷாங்காய் நகரில் பிறந்தார். தந்தை ஆங்கில ஆசிரியர். ஆறு வயதில் ஆன் வாங் சேர்ந்த பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகள் இல்லை. எனவே நேரே மூன்றாம் வகுப்பில் அமர்ந்தார். அதன் பின் எந்த வகுப்பிலும் தம்மைவிட மூத்தவர்களோடே போட்டியிட வேண்டியிருந்தது. பதினாறாம் வயதில் ஷாங்காயின் சியாவ் துங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மின் பொறியியல் பயின்றார்.

1937இல் ஜப்பானியப் படைகள் ஷாங்காயைத் தாக்கின. பல்கலைக்கழகம் பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்த பகுதிக்கு இடம் பெயர்ந்தது. 1940இல் பட்டம் பெற்ற வாங், உள்நாட்டுக்குச் சென்று சீனப் படைக்கு வானொலிக் கருவிகளை வடிவமைத்தார். போர்க்காலத்திலேயே பெற்றோரை இழந்தார். 1945இல் அமெரிக்காவுக்குப் பயணமானபோது அவரிடம் இருந்த செல்வம் கல்வி ஒன்றே.

வளையங்களில் பிறந்த நினைவு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1948இல் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு அங்கேயே, கணிப்பொறித் துறையின் முன்னோடியான ஹோவர்டு ஐக்கனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சிறு காந்த வளையங்களில் செய்திகளைச் சேமிப்பது எப்படி என்பதே அவருக்கு அளிக்கப்பட்ட சிக்கல். வளையத்தில் பதிந்ததைப் படிக்க முயன்றால், படிக்கும் செயலே பதிவை அழித்துவிடும். இதற்கு வழி தேடியவருக்கு, பல்கலைக்கழக வளாகத்தில் நடந்து செல்கையில் ஓர் எண்ணம் தோன்றியது. பதிவு அழிந்தால் அழியட்டும். படித்த அந்த நொடியே அதைத் திரும்ப எழுதிவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிய கருத்துதான். காந்த வளைய நினைவகம் உருவாக வழிவகுத்த முக்கியக் கருத்துகளுள் அதுவும் ஒன்றாயிற்று. வாங் 1949இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1955இல் அதைப் பெற்றார். மறு ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அதை 5 லட்சம் டாலர் விலை பேசி வாங்கிக்கொண்டது.

அதற்கு முன்பே, 1951இல், 600 டாலர் சேமிப்பைக் கொண்டு பாஸ்டன் நகரில் ஓர் அறையில் வாங் ஆய்வகத்தைத் தொடங்கியிருந்தார். கையில் ஒரு வேலை ஒப்பந்தமும் இல்லை. மணமாகிச் சில ஆண்டுகளே ஆன நிலையில் நல்ல வேலையை விட்டு வெளியே வந்த அவருடைய துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெற்றியை விட்டு விலகும் அறிவு

1965இல் அவர் வெளியிட்ட லோசி என்னும் கணக்கிடும் கருவி மடக்கைகளைப் பயன்படுத்தியது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் மடக்கையை நாம் வகுப்பில் அட்டவணை பார்த்துப் படித்தோம். அவரோ அதை மின்சுற்றில் அமைத்தார். விற்பனை பெருகியது. ஆனால், சிறு மின்னணுச் சில்லுகள் வந்ததும் கணக்கிடும் கருவிகளின் விலை சரியப்போவதை வாங் முன்கூட்டியே உணர்ந்தார். பணம் கொழித்த அந்தத் தொழிலை விட்டு மெல்ல விலகி, வேறு திசையில் பார்வையைச் செலுத்தினார். அந்தத் திசையில் இருந்ததுதான் தட்டச்சரின் மேசை.

1971இல் அவருடைய முதல் சொற்செயலி வந்தது. தட்டச்சுப் பொறியில் அடிப்பது காந்த நாடாவில் பதியும். திருத்தி மீண்டும் அடித்துக்கொள்ளலாம். ஆனால் அதில் திரை இல்லை. பதிந்ததைத் தாளில் அடித்துத்தான் பார்க்க முடியும். இத்துறையில் வாங் முதல்வர் அல்லர். ஐ.பி.எம். 1964இலேயே நாடாவில் பதியும் தட்டச்சுப் பொறியைக் கொண்டுவந்தது. திரையுள்ள சொற்செயலியையும் வேறு சிலர் முன்னரே செய்திருந்தனர். அப்படியானால் வாங்கின் சிறப்பு எது?

அவருடைய பொறியாளர்களான ஹரால்டு கோப்லோவும் டேவிட் மோரோசும் ஒரு புதுமை செய்தனர். வழக்கமாக இயந்திரத்தைச் செய்து முடித்த பிறகுதான் அதைக் கையாளும் முறையை விளக்கும் நூல் எழுதப்படும். இவர்களோ அந்த நூலை முதலில் எழுதினார்கள். தட்டச்சர் என்ன செய்ய விரும்புவார், எந்தச் சாவியைத் தேடுவார் என்பதையெல்லாம் தாளில் வரைந்த பின்னரே, அதற்கேற்ற இயந்திரம் உருவாயிற்று. செய்யக்கூடிய வேலைகள் திரையில் பட்டியலாகத் தெரிந்தன. வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். குறியீடுகளை மனப்பாடம் செய்யும் தொல்லை இல்லை. 1976 ஜூனில் நியூயார்க் கண்காட்சியில் இதைக் காட்டியபோது மக்கள் திரண்டனர். ஏறத்தாழ 30,000 டாலர் விலை இருந்தும் நிறுவனங்கள் வாங்கின. இரண்டே ஆண்டுகளில் திரையுள்ள சொற்செயலிகளை விற்பதில் வாங் நிறுவனம் உலகில் முதலிடம் பெற்றது.

நெசவாலைகள் மூடப்பட்டு நலிந்து கிடந்த லோவல் நகரில் நிறுவனத்தின் தலைமையகம் எழுந்தது. பல்லாயிரவர் வேலை பெற்றனர். 1980களின் பிற்பகுதியில் ஆண்டு விற்பனை 300 கோடி டாலரை எட்டியது. கல்விக்கும் கலைக்கும் வாங் வாரி வழங்கினார்.

கைவிட மனம் வராத கருவி

ஆனால் காலம் மீண்டும் திரும்பியது. 1979இல் சிறு கணிப்பொறிகளுக்காக வேர்டுஸ்டார் என்னும் மென்பொருள் வந்தது. 1981இல் ஐ.பி.எம். தன் தனிமனிதக் கணிப்பொறியை வெளியிட்டது. எழுதுவதற்கெனத் தனி இயந்திரம் எதற்கு? கணக்குப் பார்க்கும் அதே பெட்டியில் ஒரு மென்பொருளைச் சேர்த்தால் கடிதமும் எழுதலாமே! சொற்செயலாக்கம் என்பது ஓர் இயந்திரமாக இருந்த நிலை மாறி, மென்பொருளின் ஒரு திறனாகிவிட்டது.

இதை வாங் அறவே காணவில்லை என்பது நியாயமாகாது. 1977இல் வந்த அவருடைய வி.எஸ். கணிப்பொறியில் பிற்பாடு கணக்கு வேலையோடு எழுத்து வேலையும் இணைக்கப்பட்டது. ஆனால் அந்த மென்பொருள் அவருடைய இயந்திரங்களுக்குள்ளேயே அடைபட்டிருந்தது. 1982இல் அவர் நிறுவனம் செய்த சிறு கணிப்பொறியோ, ஐ.பி.எம். கணிப்பொறிக்காகப் பிறர் எழுதிய மென்பொருள்களை அப்படியே ஏற்று இயங்கவில்லை. கணக்கிடும் கருவியை உரிய நேரத்தில் உதறிய அதே மனிதருக்குத் தம் சொற்செயலி இயந்திரத்தைக் கைவிட மனம் வரவில்லை.

1986இல் மகன் பிரெட் வாங்கைத் தலைவராக்கினார். நட்டம் மிகுந்தது. 1989இல் மகனையே பதவி விலகச் செய்ய நேர்ந்தது. அப்போது தந்தை புற்றுநோயால் துன்புற்றுக்கொண்டிருந்தார். 1990 மார்ச் 24ஆம் நாள், எழுபதாம் வயதில் ஆன் வாங் மறைந்தார். 1992 ஆகஸ்டில் அவர் நிறுவனம் கடன் சுமை தாளாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

இன்று மருத்துவமனையின் மென்பொருளே நோயாளியின் அறிக்கையை எழுதித் தருகிறது. வங்கியின் மென்பொருளே ஆயிரம் பேருக்கு ஆயிரம் பெயரிட்டு ஒரே கடிதத்தை ஆக்குகிறது. எழுதும் வசதி, பாலில் நெய் போல, பிற மென்பொருள்களுள் கலந்து நிற்கிறது. இயந்திரம் மறைந்தது, அது கற்றுத் தந்த முறை மறையவில்லை.

நம் கல்லூரியில் கணிப்பொறி நிரல் எழுதப் பயிலும் நண்பர்கள் டாக்டர் வாங்கின் வாழ்விலிருந்து இரண்டு செய்திகளை ஏற்கலாம். ஒரு வசதியைச் சேர்க்கும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் மேசையருகே சென்று நில்லுங்கள். அவருக்கான விளக்க நூலை முதலில் எழுதிப் பாருங்கள். பின்னர், நீங்கள் படைத்தது எவ்வளவு அருமையானதாயினும், அதன் காலம் முடியும்போது கைவிடும் துணிவையும் வளர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது டாக்டர் வாங்கை உயர்த்தியது. இரண்டாவது ஒருமுறை அவரிடம் இருந்தது; மறுமுறை இல்லாமற் போயிற்று.