இரங்கசாமி நரசிம்மன்

இரங்கசாமி நரசிம்மன் (ஏப்ரல் 17, 1926 - செப்டம்பர் 3, 2007) ஓர் இந்தியக் கணினி அறிவியலாளர் ஆவார். இந்தியாவில் உருவாக்கப்பட்ட தொடக்ககாலக் கணினிகளுள் ஒன்றான டிஃப்ராக்கின் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஒரு படத்தைப் பல மட்டங்களில் விவரிக்கும் தொடரியல் முறையை முன்வைத்தவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கை

நரசிம்மன் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1954 இல் நாடு திரும்பி, மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இணைந்தார். அக்கழகத்தை அப்போது ஓமி பாபா நடத்தி வந்தார்.

டிஃப்ராக்

கணினி கட்டிய பட்டறிவு உடையவர்கள் அக்காலத்தில் இந்தியாவில் மிகச் சிலரே. நரசிம்மனின் குழு முதலில் ஒரு முன்னோட்டப் பொறியைக் கட்டி, அது 1956 இல் இயங்கியது. முழு அளவிலான கணினி 1960 இல் செயற்பாட்டுக்கு வந்தது. அக்கணினியில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அதன் நினைவகம் 40 பிட்டு நீளமுள்ள 2,048 சொற்களைத் தாங்கியது. 1962 இல் அதற்கு டிஃப்ராக் என்று சவகர்லால் நேரு பெயரிட்டார்.

கட்டி முடிப்பதற்குள் மேலைநாடுகளில் டிரான்சிசிட்டர் கணினிகள் வந்துவிட்டமையால், டிஃப்ராக் பிறக்கும்போதே பழையதாகிவிட்டது. 1964 இல் அக்கழகம் சிடிசி 3600 கணினியை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. எனினும் இப்பணியில் பயின்ற பொறியாளர்களும் நிரலாளர்களுமே நாட்டின் முதல் கணினித் தலைமுறையாக விளங்கினர்.

படங்களின் தொடரியல்

1961 முதல் 1964 வரை நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வருகைதரு ஆய்வாளராக இருந்தார். குமிழ் அறையில் அணுத்துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களின் ஒளிப்படங்களைக் கணினியே ஆராய வேண்டும் என்பது அங்கு எழுந்த சிக்கல். இதற்கெனத் திட்டமிடப்பட்ட இல்லியாக் 3 கணினியின் வடிவமைப்பிலும் அவர் பங்கேற்றார்.

ஒரு படத்தை இன்ன வகை என்று பெயரிட்டு ஒதுக்குவதோடு அறிதல் முடிவதில்லை. அதன் அமைப்பை விவரிக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. அடிமட்டத்தில் படம் வெறும் புள்ளிகளின் தொகுதி. அண்டைப் புள்ளிகளைக் கொண்டு ஒரு புள்ளி கோட்டின் நடுவிலுள்ளதா, முனையா, கிளைபிரியும் இடமா என்று அடையாளமிடலாம். அடுத்த மட்டத்தில் கோடுகள் தடங்களாகின்றன. மேல்மட்டத்தில் தடங்கள் சேர்ந்து ஒரு துகள் நிகழ்வைக் குறிக்கின்றன. எழுத்து, சொல், சொற்றொடர் ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் இருப்பதைப் போல, ஒவ்வொரு மட்டத்துக்கும் தனிச் சொற்களும் தனி விதிகளும் உண்டு. கையெழுத்து ஆங்கில எழுத்துகளை அறியவும் இம்முறை பின்னர் பயன்படுத்தப்பட்டது.

மென்பொருள் வடிவமைப்பில் இன்று பேசப்படும் அருவநிலை மட்டங்கள் இதற்கு நெருங்கியவை. 2001 இல் ஓஎம்ஜி அமைப்பு வெளியிட்ட மாதிரிவழிக் கட்டமைப்பு, பணியை மட்டும் விவரிக்கும் மாதிரி, எக்கணினியையும் சாராத மாதிரி, குறிப்பிட்ட கணினித் தளத்துக்குரிய மாதிரி என மூன்றைப் பிரிக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. கோடு தடத்தின் பகுதி. ஆனால் தளத்துக்குரிய மாதிரி பொதுமாதிரியின் பகுதியன்று, அதே அமைப்பைக் கூடுதல் விவரங்களுடன் கூறுவது. பகுதி-முழுமை உறவையும் அருவநிலை உறவையும் ஒன்றாகக் கொள்வது பிழையாகும்.

நிறுவனப் பணிகள்

1965 இல் தோன்றிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவர் இவரே. 1975 இல் நிறுவப்பட்ட கணினிப் பராமரிப்புக் கழகத்தின் (சிஎம்சி) முதல் தலைவராகவும் பணியாற்றினார். 1978 இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற கணினிகளின் பராமரிப்பைச் சிஎம்சி ஏற்றது. 1977 இல் இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

பிற்கால ஆய்வுகள்

பிற்காலத்தில் மனிதரின் மொழி நடத்தை, குழந்தைகள் மொழி கற்கும் முறை, எழுத்தறிவு ஆகியவற்றை ஆராய்ந்தார். மொழி நடத்தையை மாதிரியாக்குதல் குறித்த இவரது ஆங்கில நூல் 1981 இல் வெளிவந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றிய நூல் 2004 இல் வெளிவந்தது. 2007 இல் தமது 81 ஆம் அகவையில் காலமானார்.