விளையாட்டாசான் ஸ்டாக்

நம் ஊர் மைதானங்களிற் கூடைப்பந்தாடும் இளைஞர் பலர் ஸ்டாக் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவில், ஸ்பிறிங்பீல்ட் நகரத்து வை. எம். சி. ஏ. பயிற்சிக் கல்லூரியில், 1892ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அவ்வாட்டம் முதன்முறையாகப் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. ஆசிரியர் அணி தோற்றது. மாணவர் ஐந்து, ஆசிரியர் ஒன்று. அந்த ஒன்றைப் பெற்றவர் அமொஸ் அலன்ஸோ ஸ்டாக்.

அன்னார் 1862இல் நியூ ஜேர்சி மாநிலத்திலே சப்பாத்துத் தைக்கும் ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தார். கிறிஸ்தவ குருவாகும் நோக்குடன் யேல் சர்வகலாசாலையிற் பயின்றார். அங்கே பேஸ்போல் ஆட்டத்தில் பந்து வீசிப் பெரும் பெயர் எடுத்தார். தொழில்முறை அணிகள் பணங்காட்டி அழைத்தும் அவர் போகவில்லை. ஆனால் மேடையேறினால் நா எழவில்லை! பிரசங்கம் தமக்கு வாய்க்காதென உணர்ந்து, இளைஞரை மைதானத்திலே உருவாக்கத் துணிந்தார்.

யேலில் அவருக்கு ஆசானாயிருந்த ஹாப்பர், புதிதாய்த் தோன்றிய சிக்காகோ சர்வகலாசாலையின் தலைவரானதும் 1892இல் அவரை அழைத்துக்கொண்டார். விளையாட்டுப் பயிற்றுநருக்குப் பேராசிரியர் வரிசையில் நிரந்தர இடம் கிடைத்தது அன்று புதுமை. கையிற் பந்தேந்தி ஓடும் அமெரிக்க உதைபந்தாட்டம், பேஸ்போல், ஓட்டப்பந்தயம் யாவும் அவர் பொறுப்பு. குடி, புகை, வசைமொழி மூன்றையும் விலக்கியவர். கோபம் எல்லை மீறினால் மாணவரைக் கழுதை என்பாராம். நம் உபாத்தியாயர்களுக்கும் இச்சொல் புதிதன்று.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவருக்கு எழுபது வயதாயிற்று. 1932இல் சர்வகலாசாலை வயதெல்லையைக் காட்டிப் பயிற்றுநர் பதவியிலிருந்து விலக்கியது. வேறொரு பதவி தருவதாகவும் சொன்னது. மைதானம் இல்லாத பதவி அவருக்கு எதற்கு? மறுத்துவிட்டு, 1933இல் கலிபோர்னியாவின் ஸ்ரொக்ரன் நகரிலுள்ள சிறிய பசிபிக் கல்லூரிக்குச் சென்று மீண்டும் தொடங்கினார்.

1938இல் அச்சிறு கல்லூரியின் அணியோடு சிக்காகோ வந்தார். தம் பெயர் தாங்கிய மைதானத்திலேயே பழைய சர்வகலாசாலையை 32க்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றார். அவ்வெற்றி அவருக்கு இனித்ததோ கசந்ததோ, நாம் அறியோம். அடுத்த ஆண்டோடு சிக்காகோ அவ்வாட்டத்தையே கைவிட்டது. ஆளற்றுக் கிடந்த பார்வையாளர் மண்டபத்தின் கீழேதான் 1942 டிசம்பர் 2ஆம் நாள் விஞ்ஞானிகள் முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தினர்.

மறுவருடம், எண்பத்தொரு வயதில், நாட்டின் அவ்வாண்டுச் சிறந்த பயிற்றுநராக ஸ்டாக் தெரிவு செய்யப்பட்டார். 1946இல் பசிபிக் கல்லூரியை விட்டபின், சஸ்குவஹானா சர்வகலாசாலையிற் பயிற்றுநராயிருந்த தம் மகனுக்குத் துணைசெய்யப் போனார். தந்தை மகனுக்கு உதவியாளர்! பின்னர் ஸ்ரொக்ரனுக்கே திரும்பி, அங்குள்ள இளநிலைக் கல்லூரி மாணவருக்குப் பந்துதைக்கப் பழக்கினார். 1960இல், தொண்ணூற்றெட்டு வயதிலேதான் ஓய்வு பெற்றார். 1965 மார்ச் 17ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார், வயது நூற்றிரண்டு.