ஸ்ரீ கரிவரதன்

நம் அருணை நகர்த் தீபவிழாவில் ஐந்து தேர்களும் வரும் முறையை முன்னரே அறிந்தும் மக்கள் திரள்கின்றனர். மோட்டார்ப் பந்தயத்தின் நிலை வேறு. வெல்பவர் இன்னாரென்று புறப்படுமுன்னரே தெரிந்துவிடின் காண்போர்க்குச் சுவை ஏது?

சோழவரத்துப் பழைய விமானத்தளப் பந்தயங்களில் அக்குறை இருந்தது. அயல்நாட்டு வண்டி வாங்கவல்ல செல்வர் சிலரே பெரும்பாலும் முந்தினர். கோயமுத்தூர் ஆலைக்குடும்பத்துப் பிறந்த கரிவரதனும் வசதி படைத்தவரே. எனினும் அவர், தம் மேன்மையைத் தாமே குறைத்துக்கொள்பவர்போல, மாருதி 800 எஞ்சினைப் பூட்டிய ஒரேவகைச் சிறு பந்தயவண்டிகளைக் குறைந்த செலவில் அமைத்துப் பிறர்க்கும் வழங்கினார். வண்டிகள் நிகராகவே, ஓட்டுநர் திறமே வெற்றியை அளந்தது. 2005-இல் பார்முலா ஒன்றில் ஓடிய நரேன் கார்த்திகேயனும் அவ்வகை வண்டியிலேயே தொடங்கியவர்.

1995-இல் விமான விபத்தொன்றில் கரிவரதன் உயிர்நீத்தார். கோவையருகே 2003-இல் திறக்கப்பெற்ற பந்தயக்களம் அவர் பெயரால் வழங்குகின்றது.