80 வயதில் காட்டுக்காகப் போராடிய ஜானகி அம்மாள்

ஜானகி அம்மாள் 1897-ம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவரோ சென்னையில் கல்லூரிப் படிப்பு முடித்து, அமெரிக்கா சென்றார். 1931-ல் தாவர இயலில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். கடைசிவரை கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

கேரளத்தில் "அமைதிப் பள்ளத்தாக்கு" என்ற மழைக்காடு இருக்கிறது. அங்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் போட்டார்கள். அணை வந்தால் காட்டின் ஒரு பகுதி தண்ணீரில் மூழ்கிவிடும். அரிய செடிகள் அழிந்துவிடும்.

அப்போது ஜானகி அம்மாளுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. அணை கூடாது என்று குரல் கொடுத்தார். அந்தக் காட்டுச் செடிகளை ஆராயும் வேலையிலும் இறங்கினார்.

1984 பிப்ரவரியில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து மதுரவாயலில் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. அந்த நல்ல செய்தியைக் கேட்க அம்மாள் இல்லை. காடு இருக்கிறது.