பாதியில் நின்ற பாய்ச்சல்: ஜோன் கோல்மன்

புறநானூற்றைப் பயின்றவர்கள் கையறுநிலை என்னும் துறையை நன்கறிவர். தலைவன் மாய்ந்தபின் அவனைச் சார்ந்திருந்தோர் செயலற்று நின்று இரங்கிப் பாடுவது அது. பாரியை இழந்த கபிலரின் குரல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறதென்றால், போனது இனித் திரும்பாது என்னும் தெளிவு அக்குரலிலே கலந்திருப்பதே காரணமாகும். போர்க்களத்து வீரனுக்கு உரிய அந்த இரக்கம் ஆடுகளத்து வீரனுக்கும் உரியதாகலாம் என்பதை, ஜோன் கோல்மன் என்னும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட வீரரின் வரலாற்றைப் படித்தபோதுதான் நான் உணர்ந்தேன். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் மெல்பேண் நகரத்தார் அவரைப் பற்றிப் பேசும்போது, நேற்றுத்தான் களத்தை விட்டு அகன்றவரைப் போலப் பேசுகிறார்கள்.

அவர் ஆடிய ஆட்டம் நம்மவர் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. 1859 ஆம் ஆண்டிலே மெல்பேணில் முதன்முதலாக விதிகள் எழுதப்பெற்று, அந்த மண்ணிலேயே வளர்ந்த ஆட்டம் அது. நீள்வட்டமான பெரிய மைதானம். முட்டை வடிவான பந்து. பக்கத்துக்குப் பதினெட்டு வீரர்கள். மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் குறுக்குச் சட்டமின்றி நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரு நெடுங்கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் அது கோல், ஆறு புள்ளிகள். நெடுங்கம்பத்துக்கும் புறத்தேயுள்ள சிறு கம்பத்துக்கும் இடையே சென்றால் ஒரு புள்ளி மாத்திரமே. அதனைப் பிஹைண்ட் என்பர். தன் அணியினன் உதைத்த பந்தை நிலத்தில் வீழுமுன் ஒருவன் பிடித்துவிட்டால், எவரும் தடுக்காத நிலையில் அதை உதைக்கும் உரிமை அவனுக்குக் கிடைக்கும். ஆகவே உயர எழும்பிப் பந்தைப் பற்றுவது அவ்வாட்டத்தின் உயிர்நாடி. எதிரியின் தோள்மீது முழங்காலை ஊன்றி வானத்தில் எழுபவனைக் கண்டால் அங்குள்ளோர் மெய்ம்மறப்பர். கோல்மனின் புகழ் அந்தப் பாய்ச்சலிலே பிறந்தது.

1928 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி, விக்டோரியா மாநிலத்தின் கடலோர ஊரான போர்ட் பெயரியில் அவர் பிறந்தார். இளமையில் ஹேஸ்டிங்ஸ் என்னும் சிற்றூரின் அணிக்காக ஆடினார். அங்கே ஒரே ஆட்டத்தில் 23 கோல் போட்டார் என்பது இன்றும் அப்பகுதியிற் சொல்லப்படும் செய்தி. எசெண்டன் கழகம் அவரை முன்னரே பயிற்சிக்கு அழைத்திருந்தும், முதல் அணியிற் சேர்க்கத் தயங்கியது. கிராமத்து ஆட்டத்திற் சிறந்தவன் நகரத்து ஆட்டத்திலும் சிறப்பான் என்பதற்கு உறுதி ஏது என்ற ஐயம் எல்லாத் துறைகளிலும் உள்ளதுதானே!

அந்தத் தயக்கத்துக்கு எசெண்டன் கொடுத்த விலை சிறிதன்று. 1948 ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் எசெண்டன் 7 கோலும் 27 பிஹைண்டும் பெற்றது. எதிர்த்த மெல்பேண் அணி 10 கோலும் 9 பிஹைண்டும் பெற்றது. கூட்டிப் பார்த்தால் இரு பக்கமும் 69 புள்ளிகள். முப்பத்துநான்கு முறை கம்பங்களை நோக்கிப் பந்தைச் செலுத்தியவர்கள், பத்தொன்பது முறை செலுத்தியவர்களை வெல்ல முடியவில்லை! மறுபடி நடந்த ஆட்டத்தில் மெல்பேண் எளிதில் வென்றது. எசெண்டனிடம் எல்லாம் இருந்தன. நேராக உதைக்கும் ஒரு கால் மாத்திரம் இருக்கவில்லை.

அந்தக் கால் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தது. 1949 ஏப்ரலில், பருவத்தின் முதல் ஆட்டத்தில், விண்டி ஹில் எனப்படும் தம் சொந்த மைதானத்தில், ஹோதோர்ன் அணிக்கெதிராக இருபது வயது இளைஞர் ஒருவர் பத்தாம் இலக்கச் சட்டை அணிந்து இறங்கினார். முதல் உதையிலேயே கோல். ஆட்டம் முடிந்தபோது அவருடைய கணக்கு 12 கோல். முதல் ஆட்டத்திலேயே இவ்வளவு கோல் போட்டவர் அந்த லீக்கின் வரலாற்றில் வேறு எவருமிலர்.

அவ்வாண்டு இறுதியாட்டத்தில் கார்ல்டன் அணியை எசெண்டன் 73 புள்ளிகளால் முறியடித்தது. வெற்றி முன்னரே உறுதியாகிவிட்டது. ஆயினும் கூடியிருந்தோர் கலையவில்லை. கோல்மனின் பருவக் கணக்கு நூறை எட்டுமா என்பதே எல்லாருடைய எண்ணமும். ஆட்டம் முடியும் தறுவாயில் நூறாவது கோல் விழுந்தது. இங்கே எனக்கு இன்னொரு அவுஸ்திரேலியரின் நினைவு வருகிறது. அதற்கு முந்திய ஆண்டிலேதான், கிரிக்கெட் மேதை டொன் பிராட்மன் தம் இறுதி டெஸ்ட் ஆட்டத்தில் ஓட்டமெதுவும் பெறாது ஆட்டமிழந்து, நூறு என்னும் சராசரியைத் தவறவிட்டு, 99.94 என்ற எண்ணோடு நின்றார். ஒருவர்க்கு நான்கு ஓட்டங்களை மறுத்த விதி, மற்றவர்க்குக் கடைசி நிமிடத்தில் ஒரு கோலை அருளியது. அறிமுகப் பருவத்திலேயே நூறு கோல் கண்டவர் கோல்மன் ஒருவரே. ஆனால் விதி கொடுத்ததை எண்ணி வைத்துக்கொண்டது போலும். பின்னர் அதனை வட்டியோடு வாங்கிக்கொண்டது.

கோல்மன் மலைபோன்ற உடலுடையவர் அல்லர். ஆறடிக்குச் சற்று மேற்பட்ட உயரம், மெலிந்த தேகம், நீண்ட கைச்சட்டை, உணர்ச்சியை வெளிக்காட்டாத முகம். பந்து வருமட்டும் அவர் அசையாது நிற்பது போலவே தோன்றுமாம். பின்னர் எங்கிருந்தோ ஒரு பாய்ச்சல், தலைகளுக்கு மேலே ஓர் உருவம், கைகளிலே பந்து. காற்பகுதி ஆட்டம் முடிந்து அணிகள் முனை மாறும்போது, பார்வையாளரிற் பெருந்தொகையினர் அவர் நிற்கும் முனையை நாடி மைதானத்தைச் சுற்றி நடப்பார்கள். ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் ஓர் ஆளைப் பார்ப்பதற்காக இடம் பெயர்ந்தார்கள் என்றால், அதற்கு மேல் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

1950 இல் 120 கோல். எசெண்டன் மீண்டும் வாகை சூடியது. எதிரணிகள் அவரை நேரிய வழியில் அடக்க முடியாதெனக் கண்டன. சட்டையைப் பற்றி இழுப்பதும், மத்தியஸ்தரின் பார்வை வேறிடம் சென்ற வேளையில் முழங்கையால் இடிப்பதும், வாய்ச்சொல்லாற் சீண்டுவதும் வழக்கமாயின. பெரும்பாலும் அவர் பொறுத்தார். பொறுமை ஒருநாள் உடைந்தது.

1951 ஆம் ஆண்டு, இறுதிச் சுற்றுகளுக்கு முந்திய கடைசி ஆட்டம், எதிரணி கார்ல்டன். அவரைக் காத்து நின்ற ஹரி காஸ்பர் என்பவர் அவரை அடித்தார். கோல்மன் திருப்பி அடித்தார். இருவர் பேரிலும் முறையீடு எழுந்தது. முதலடி கோல்மனுடையது அன்று என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அப்படியிருந்தும் இருவருக்கும் ஒரே தண்டனை: நான்கு வாரத் தடை. விசாரணை மண்டபத்தை விட்டு வெளியேறிய இளைஞர் கண்ணீர் வடித்தார். கோல்மன் இல்லாமலே எசெண்டன் இறுதியாட்டம் வரை முன்னேறியது. ஓய்வு பெற்றிருந்த பயிற்றுநர் டிக் ரெனால்ட்ஸ், முப்பத்தாறு வயதில், மாற்றுவீரராக மீண்டும் சட்டை அணிந்தார். ஜீலோங் அணி 11 புள்ளிகளால் வென்றது. பதினொரு புள்ளி என்பது இரண்டு கோலுக்கும் குறைவு. சராசரியாக ஓராட்டத்துக்கு ஐந்து கோலுக்கு மேல் போடும் ஒருவர் அன்று வெளியே அமர்ந்திருந்தார்.

இத்தீர்ப்பைப் பற்றி நான் பலமுறை எண்ணியதுண்டு. அடித்தவனையும் அடிக்கப்பட்டுத் திருப்பி அடித்தவனையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? கை ஓங்கியவன் எவனாயினும் குற்றவாளியே என்பது விதியின் வாதம். களத்தில் ஒழுங்கு நிலைபெற வேண்டுமாயின் அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயின் நாள்தோறும் சீண்டப்பட்டவனின் பொறுமைக்கு ஒரு மதிப்பும் இல்லையா? மத்தியஸ்தர் காணாத நூறு அடிகள் கணக்கில் வாரா. காணப்பட்ட ஓர் அடியே கணக்கில் வந்தது. கண்ணுக்குப் புலப்பட்டதை மாத்திரம் நிறுக்கும் நீதி ஒழுங்கைக் காக்கும். நேர்மையைக் காக்கும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1952 இல் 103 கோல். 1953 இல் 97. 1954 ஆம் ஆண்டு அவருடைய ஆற்றல் உச்சத்தை எட்டியது. பிட்ஸ்ரோய் அணிக்கெதிரான ஓராட்டத்தில் 14 கோல் போட்டார். அடுத்த வாரம், ஜூன் மாதத்தில், வட மெல்பேண் அணிக்கெதிராக ஆடியபோது கீழே விழுந்தார். முழங்கால் மூட்டு விலகியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. சிகிச்சை பெற்றார், பயிற்சி செய்தார், 1956 ஆம் ஆண்டுப் பருவத்துக்குமுன் மீண்டும் களமிறங்க முயன்றார். கால் இடந்தரவில்லை. 98 ஆட்டங்கள், 537 கோல்கள். அத்துடன் கணக்கு மூடப்பட்டது. நூறு கோலைக் கடைசி நிமிடத்தில் எட்டியவருக்கு நூறு ஆட்டங்கள் வாய்க்கவில்லை. ஓராட்டத்துக்கான கோல் சராசரியில் அவரை விஞ்சியவர் பின்வந்த பீட்டர் ஹட்சன் ஒருவரே.

அவருடைய காலம் எத்தகையது என்பதையும் நாம் கருதவேண்டும். மெல்பேணுக்குத் தொலைக்காட்சி வந்தது 1956 நவம்பரில். ஆகவே கோல்மனின் ஆட்டம் முழுவதும் தொலைக்காட்சிக்கு முந்தியது. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பத்திரிகைப் படங்களும் கண்டவர்கள் சொன்ன கதைகளுமே. வானத்தில் நிற்கும் ஒரு படம். அவர் எப்படி எழும்பினார், எப்படி இறங்கினார் என்பதைப் பார்ப்போரின் கற்பனையே நிரப்பவேண்டும். செவிவழிக் காவியம் போல, தந்தை மகனுக்குச் சொல்ல, மகன் தன் மகனுக்குச் சொல்ல, அந்தப் பாய்ச்சல் வளர்ந்தது. எல்லாவற்றையும் நாடா பிடித்துவைக்கும் இக்காலத்து வீரனுக்கு அந்தப் பேறு இல்லை. அவனுடைய பிழைகளும் கூடவே பதிவாகின்றன.

ஆயினும் இவ்வேக்கத்திலே ஓர் அநீதி மறைந்திருப்பதாக நான் கருதுகிறேன். ஏங்குவோர் கோல்மனை இருபத்தைந்தாவது வயதிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வீழ்ந்த அந்த ஜூன் மாதத்தோடு கதை முடிந்ததென்றே பேசுகிறார்கள். உண்மையில் அவர் அதன்பின் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். மதுச்சாலை நடத்திச் சீவித்தார். 1961 இல், இருபத்திரண்டு பருவங்கள் பயிற்றுநராயிருந்த ரெனால்ட்ஸின் இடத்தில் எசெண்டனின் பயிற்றுநரானார். அடுத்த ஆண்டே, 1962 இல், கார்ல்டனை வென்று அவருடைய அணி கிண்ணம் பெற்றது. 1965 இல் பட்டியலில் நான்காவதாக இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து, படிப்படியாக ஏறி, சென்ட் கில்டாவை வீழ்த்தி மறுபடியும் வாகை சூடியது. 1967 வரை அப்பணியில் நீடித்தார்.

தான் செய்ய முடியாததைப் பிறரைக் கொண்டு செய்விப்பது எளிதன்று. கோட்டுக்கு வெளியே நின்று, தம் காலால் ஒரே கணத்தில் முடித்திருக்கக்கூடிய ஒன்றை இன்னோர் இளைஞன் தவறவிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எவ்வளவு மனவலிமை வேண்டும்! பெரும் வீரர்கள் பலர் நல்லாசிரியர்கள் ஆவதில்லை. தமக்கு இயல்பாய் வந்ததைப் பிறர் ஏன் முயன்று பெறவேண்டியிருக்கிறது என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. கோல்மனுக்கு விளங்கிற்று. முழங்கால் கற்பித்த பாடமாக அது இருக்கலாம். வீரனாக இரண்டு கிண்ணம். பயிற்றுநராக இரண்டு கிண்ணம். இரண்டாவது இரண்டே அருமையானது என்பேன்.

1973 ஏப்ரல் 5 ஆம் திகதி, டிரோமானாவில், இருதய நோயினால் அவர் மறைந்தார். வயது நாற்பத்துநான்கு. வாழ்க்கையும் ஆட்டத்தைப் போலவே முன்னதாக முடிந்தது. 1996 இல் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டப் பெருமைக்கூடம் நிறுவப்பட்டபோது, முதலில் தெரிவுசெய்யப்பட்ட பன்னிரு மாபெரும் வீரர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு பருவத்திலும் மிகுதியான கோல் போடும் வீரருக்கு 1981 முதல் அவர் பெயராலே கோல்மன் பதக்கம் வழங்கப்படுகிறது.

அப்பதக்கத்தின் பட்டியலைப் பின்னர் 1955 ஆம் ஆண்டு வரை பின்னோக்கி நீட்டினார்கள். அதாவது, அவர் கடைசியாக ஆடிய பருவத்துக்கு அடுத்த பருவத்திலிருந்தே அது தொடங்குகிறது. பெயர் அவருடையது, பட்டியலில் அவர் இல்லை. அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் பிறர் பெயர்கள் ஆண்டுதோறும் ஏறுகின்றன. நடுகல் நாட்டிய நம் முன்னோர் வீரனின் பெயரும் பீடும் எழுதினார்கள். அவன் செய்திருக்கக்கூடியதை எழுதவில்லை. கோல்மனை நினைப்போரும் போடாத கோல்களை எண்ணி ஏங்குவதை விட்டு, போட்ட 537 ஐயும், வீழ்ந்தபின் எழுந்து பிறரை எழுப்பிய அந்த ஏழு பருவங்களையும் சேர்த்தே போற்றுவார்களாயின், அதுவே அவருக்கு ஏற்ற நடுகல்லாகும்.