ரிமோட் யார் கையில்?

டோரேமானும் ஷின்சானும் தமிழ் பேசிப் பேசி நம்ம தெருப் பிள்ளைங்க மாதிரியே ஆயிட்டாங்க. ஆனா டிவி கார்ட்டூனில் முதன்முதலா ஒரு ராட்சச ரோபோவை நடக்கவிட்டவர் யாருன்னு கேட்டா நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் மிட்சுதேரு யோகோயாமா.

1934 ஜூன் 18 அன்று ஜப்பானின் கோபே என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் குடும்பம் டொட்டோரி என்ற பகுதிக்குக் குடிபெயர்ந்தது. 1945-ல் போர் முடிந்து திரும்பியபோது அவர் அஞ்சாம் வகுப்பு. நம்ம ஸ்கூல் அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருத்தனை நினைச்சுக்குங்க. ஊருக்கு வந்தா ஊரையே காணோம்! பி-29 விமானங்கள் போட்ட குண்டில் கோபே எரிந்து சாம்பலாகிக் கிடந்தது. ஒரு இயந்திரத்தால் இவ்வளவு பண்ண முடியுமா என்ற மலைப்பு அவர் மனசை விட்டுப் போகவே இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பேங்க் வேலை. நம்ம வீடுகளில் பேங்க் வேலைன்னா சும்மாவா? அவரோ, படம் போட நேரம் கிடைக்கலைன்னு சில மாசத்திலேயே விட்டுட்டார். சினிமா கம்பெனி ஒன்றில் விளம்பரப் பிரிவில் இருந்துகொண்டே படக்கதை வரைந்தார். 1956-ல் ஒரு சிறுவர் பத்திரிகையில் ‘டெட்சுஜின் 28’ தொடங்கியது. டெட்சுஜின் என்றால் இரும்பு மனிதன். 1963 அக்டோபரில் அது டிவிக்கும் வந்தது.

கதை இதுதான். போருக்காக ரகசியமாகச் செய்த ரோபோ, போர் முடிந்தபின் ஷோட்டாரோ என்ற பொடியனிடம் வந்து சேருகிறது. அதே வருஷம் டிவிக்கு வந்த ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் தானே யோசிக்கும், அழும். இந்த இரும்பு மனிதனுக்கோ மூளையே கிடையாது! அறுப்பு மிஷின் வயலில் இறங்கினா மேலே உட்கார்ந்திருக்கிறவர் சொல்றபடிதானே போகும்? அப்படித்தான். ரிமோட் பெட்டி ஷோட்டாரோ கையில் இருந்தா ஊரைக் காப்பாத்தும். திருடன் கைக்குப் போச்சுன்னா அதே ரோபோ ஊரை இடிக்கும். அதனால ரோபோ சண்டையை விட, பெட்டியைப் பிடுங்க நடக்கிற ஓட்டம்தான் ஜோர். கூடவே மீசைக்கார போலீஸ் அதிகாரி ஓட்சுகா. கோபேயில் பார்த்த பயங்கரத்தை இப்படிச் சிரிச்சுக்கிட்டே படிக்கிற கதையாக்கினார் பாருங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவருடைய இன்னொரு ரோபோவை நம்ம அப்பா, அம்மாவுக்கே தெரிஞ்சிருக்கும். 1967-ல் ஜப்பானில் நடிகர்களை வைத்து எடுத்த ‘ஜெயண்ட் ரோபோ’ தொடர், 1980-களில் தூர்தர்ஷனில் வந்தது. ஒரு பையன் கைக்கடிகாரத்தில் பேசினால் ரோபோ பறந்து வரும். கடைசிப் பகுதியில் மட்டும் அது பேச்சைக் கேட்காது. திரும்பி வரச்சொல்லிப் பையன் கத்தக் கத்த, வில்லனைத் தூக்கிக்கொண்டு விண்வெளிக்குப் போய் விண்கல்லில் மோதி அழிந்துவிடும். கட்டளைக்கு மட்டுமே அசையும் ரோபோவில் ஆரம்பித்தவரின் கதை இங்கே வந்து நிற்குது!

மந்திரச் சிறுமி, நிஞ்சா, சீனத்து மூன்று ராஜ்ஜியக் கதை (இது மட்டும் 60 புத்தகம்) என்று ஏகப்பட்டது வரைந்தார். 2004 ஏப்ரல் 15 அன்று வீட்டில் பிடித்த தீயில் காயமடைந்து இறந்தார். வயது 69.

1995 பூகம்பத்தில் கோபேயின் நகாதா பகுதி இடிந்து எரிந்தது. ஊரை மறுபடி தூக்கி நிறுத்த நினைத்த மக்கள் 2009-ல் அங்கே ஒரு பூங்காவில் டெட்சுஜினுக்குச் சிலை வைத்தார்கள். காலை அகட்டி, முஷ்டியை உயர்த்தி நிற்கிறது. உயரம் 15 மீட்டருக்கு மேல். நம்ம பெரிய கோயில் விமானத்தில் கால்வாசிதான்! ஆனா அதன் கையில் ஆயுதம் எதுவும் கிடையாது.